சதை மட்டும்

படிவத்தில் பதினொன்றாவது கேள்வி இது: 'இப்பகுதி மக்கள் மீனின் எந்தெந்தப் பாகங்களை உண்கிறார்கள்?' பதில் எழுத நான்கு வரி இடம் விட்டிருந்தார்கள். நான் இரண்டே சொல் எழுதினேன். சதை மட்டும்.

பொய் என்று தெரிந்தேதான் எழுதினேன். கடற்கரையில் பிறந்தவள், மீன் தலையை உறிஞ்சாமல் சோறு இறங்காத வீட்டில் வளர்ந்தவள். தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை. எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் கதை இந்த இரண்டு சொல்லில்தான் வந்து நிற்கப் போகிறது. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

என் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடிக்குத் தெற்கே சவேரியார்துறை எங்கள் ஊர். சென்னையில் மீன்வலைகளுக்குப் பூச்சு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்தேன். தானே சேர்ந்துகொள்ளும் வலை என்று இன்று நம் கரை முழுக்கப் பரவியிருக்கிறதே, அதன் பூச்சு நான் செய்தது. அதில் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு பாதிகளால் ஆனது. நூல் அறுந்தால் பாதிகள் பிரியும். உப்பு ஈரம் பட்டதும் ஒன்றையொன்று தேடிப் பிடித்துப் பழையபடி கோத்துக்கொள்ளும். காலையில் பாறையில் சிக்கிக் கிழிந்த வலை மறுநாள் கடலுக்குப் போகும்போது முழுசாக இருக்கும். கரையில் குத்தவைத்து வலை கோப்பது போய்விட்டதே என்று எங்கள் ஊரில் ஒருவரும் கண்ணீர் விடவில்லை. முதுகுவலி போயிற்று என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அந்தக் கும்பிடு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கடலில் எதைப் போட்டாலும் அது மீனுக்குள் சேருமா என்று அரசாங்கம் கேட்கும். அதற்கு ஒரு சுருக்கு வழி உண்டு. மூலக்கூறு ஓர் அளவுக்கு மேல் பெரிதாக இருந்தால் மீனின் செவுள் சவ்வைத் தாண்ட முடியாது, தாண்டாதது உள்ளே சேராது. நான் அந்த மூலக்கூறை வேண்டுமென்றே பெரிதாகச் செய்திருந்தேன். எங்கள் துறைத் தலைவர் பார்த்திபன் சார் அதை எல்லோருக்கும் இப்படித்தான் விளக்குவார்.

"ஒன்னே முக்கால் நானோமீட்டர் தாண்டினாலே செவுள் உள்ள விடாது. இது ரெண்டரை. வாசல்ல இடிச்சுட்டு அப்படியே திரும்பிடும். வீட்டுக்குள்ள எத்தனை அறை இருந்தா நமக்கென்ன?"

கண்ணாடித் தொட்டியில் மீன் விட்டு, தண்ணீரில் பூச்சைக் கலந்து, இரண்டு மாதம் பார்த்தோம். மீனுக்குள் எதுவும் போகவில்லை. சோதனையில் பொய் இல்லை. அதன் பிறகுதான் அரசாங்க அனுமதிக்கான படிவத்தை நிரப்ப உட்கார்ந்தோம்.

அறையில் ஐந்து பேர். கேள்விகளை ஒருவர் உரக்கப் படித்தார். பதினொன்றாவது வந்ததும் அதன் கீழே இருந்த உதாரணங்களைச் சிரித்துக்கொண்டே படித்தார். ஈரல், குடல், சினை, தலை. மீன் குடலை யாராவது தின்பார்களா என்று மூக்கைச் சுருக்கினார். மற்றவர்கள் சிரித்தார்கள். அப்புறம் நால்வரும் என்னைப் பார்த்தார்கள். நீங்கள்தானே அந்தப் பக்கத்துக்காரர், நீங்களே சொல்லுங்கள் என்றார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை.

கல்லூரி விடுதியில் முதல் வருடம் என் பெட்டியைத் திறந்ததும் அறைத்தோழிகள் ஜன்னலைத் திறந்தார்கள். அன்றிலிருந்து பதினெட்டு வருடம் நான் வெளியே தயிர் சாதமும் சாம்பார் சாதமும் தின்று நல்ல பெயர் வாங்கியவள். அந்த நல்ல பெயரை ஒரு குடலுக்காக விட மனம் வரவில்லை. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். "சேச்சே, சதை மட்டும்தான்" என்றேன். எழுதி, கையெழுத்தும் போட்டேன். உள்ளேதான் போகாதே, எந்தப் பாகத்தைத் தின்றால் என்ன என்று எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பதிலால் ஒன்று நடந்தது. வலை கடலுக்குப் போன பிறகு ஆண்டுக்கு ஒருமுறை கடல் மீனைப் பிடித்துச் சோதிக்க வேண்டும் என்பது நிபந்தனை. மக்கள் உண்ணும் பாகத்தைத்தான் சோதிப்பார்கள். ஆகவே மூன்று வருடமும் சோதனைச்சாலைக்குச் சதை போனது, ஈரலும் சினையும் குடலும் குப்பைக்குப் போயின. மூன்று வருடமும் முடிவு சுத்தமாக வந்தது.

மூன்றாம் வருடம் என் தங்கை கொரட்டிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. ஆல்வின் என்று பெயர் வைத்தார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற எங்கள் பக்கம் சுறாப் புட்டு செய்து கொடுப்பார்கள். வெளியூர்க்காரர்கள் அதை எண்ணெயில் தாளிப்பார்கள். எங்கள் ஊரில் சுறாவின் ஈரலையே சட்டியில் உருக்கி, அதில் ஊறும் நெய்யில் புரட்டி எடுப்பார்கள். மீதி ஈரலை வறுத்து, அதுவும் பெற்றவளுக்குத்தான். கொரட்டி எனக்குப் போன் செய்து, தினமும் ஈரல் தின்னலாமா, உடம்புக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டாள். அம்மா இல்லாத வீட்டில் இதையெல்லாம் என்னிடம்தான் கேட்பாள். நல்ல சத்து, தாராளமாகச் சாப்பிடு என்று சொன்னேன். நான் படித்தவள் அல்லவா, அதனால் அவள் மறுபேச்சு பேசவில்லை.

பிள்ளைக்கு ஐந்தாம் மாதம். குளிப்பாட்டுமுன் உச்சிக்குழியில் எண்ணெய் வைக்கும்போது கொரட்டியின் விரலுக்குக் குழி தட்டுப்படவில்லை. ஒன்றரை வயது வரைக்கும் மெத்தென்று துடிக்க வேண்டிய இடம் கல்லாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அங்கே அவளுக்கு முன்னால் நான்கு தாய்மார்கள் அதே காரணத்துக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

குழந்தை மருத்துவர் இளவெயினி எங்கள் கரைக்குப் புதிது. எட்டு மாதத்தில் ஆறு ஊர்களில் பத்தொன்பது பிள்ளைகள். மண்டையோட்டு எலும்புகள் காலத்துக்கு முன்பே ஒட்டிக்கொண்டுவிட்டன. அப்படியே விட்டால் மூளை வளர இடம் இருக்காது. ஒரு வயதுக்குள் கண்டுபிடித்தால் அறுவை செய்து பிரித்துவிடலாம், அதற்குப் பிறகு ஒன்றும் உறுதி இல்லை. இது எதனால் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாத இடத்தில் ஊரார் வாய் சும்மா இருக்குமா? சொந்தத்துக்குள் கட்டிக்கட்டி ரத்தம் கெட்டுப் போயிற்று என்று பத்திரிகையிலும் செய்தி போட்டார்கள். இரண்டு நிச்சயதார்த்தம் முறிந்தது. அத்தை மகனைக் கட்டியிருந்த கொரட்டி, கோயிலில் முன்வரிசையை விட்டுத் தூணுக்குப் பின்னால் போய் உட்கார ஆரம்பித்தாள்.

நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். டாக்டர் படங்களை விரித்துக் காட்டினார். பத்தொன்பதில் பதினொரு பிள்ளைகளின் பெற்றோர் சொந்தக்காரர்களே இல்லை என்று அவர் கணக்கெடுத்து வைத்திருந்தார்.

"இது பரம்பரை இல்லைங்க. ஏதோ ஒன்னு உள்ள போய் எலும்பை ஒட்ட வைக்குது. ரெண்டு ஓரமும் ஒன்னையொன்னு தேடிப் போன மாதிரி கோத்துக்கிட்டு நிக்குது, பாருங்க."

பார்த்தேன். அந்தக் கோர்வையை நான் வேறொரு திரையில், அறுந்த வலை நூலில், கைதட்டலுக்கு நடுவே பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் பார்க்கலாம் மேடம் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டுக்குப் போய், கொரட்டி அன்றைக்குச் சமைக்க வைத்திருந்த சுறா ஈரலைக் கேட்டேன். எதற்கு என்று கேட்டாள். சோதிக்கத்தான் என்றேன். அவள் ஐஸ் போட்டுக் கட்டிக் கொடுத்தாள். இனிமேல் தின்னாதே என்று சொல்ல வேண்டியது எனக்கு வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாளே. முடிவு வரட்டும் என்று நான்கு நாள் தள்ளிப்போட்டேன். அந்த நான்கு நாளும் அவள் ஈரல் தின்று பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.

முடிவு வந்தது. ஈரலில் என் மூலக்கூறு நிறைந்து கிடந்தது, கடல் தண்ணீரில் இருப்பதைப் போல நாற்பதாயிரம் மடங்கு. அதே சுறாவின் சதையில் ஏறத்தாழ ஒன்றுமில்லை. படிவத்தில் எழுதியபடி சதை மட்டும் தின்கிற மக்கள் எங்காவது இருந்தால், அவர்களுக்கு என் வலையால் ஒரு கெடுதலும் வராது.

பார்த்திபன் சார் முன் தாளை வைத்து, பிள்ளைகளைப் பற்றியும் சொன்னேன். நம்ப முடியவில்லை அவருக்கு. இவ்வளவு பெரிய மூலக்கூறு எப்படி உள்ளே போகும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

"செவுள் வழியா போகல சார். வலை உரசி உதிர்ந்த துகளை இறால் தின்னுது, இறாலைச் சின்ன மீன் தின்னுது, அதைச் சுறா தின்னுது. வயித்துல இருக்கற அமிலம் மூலக்கூறை ரெண்டா உடைச்சுடுது. பாதி சின்னது, அது சுலபமா உள்ள போயிடும். போய் ஈரல்ல இன்னொரு பாதியைப் பார்த்ததும் சேர்ந்துக்குது. அப்படிச் சேரத்தான் நான் அதைச் செஞ்சேன். கன்னுக்குட்டியா ஜன்னல் வழியா உள்ள போய், உள்ளயே மாடா வளர்ந்துட்டா எப்படி சார் வெளிய வரும்?"

"தாய்க்கு?"

"அதே கதைதான். அவ வயித்துல மறுபடி பாதியாகும். பாதி பால்ல இறங்கும். பிள்ளையோட மண்டை எலும்பு ஓரத்துல போய்ச் சேர்ந்துக்கும், எலும்பையும் சேர்த்துக் கோத்துடும்."

அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தாளை மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு, வக்கீல்களைக் கேட்காமல் எதையும் வெளியே சொல்லக் கூடாது, ஒரு மாதம் பொறு என்றார். எனக்கு ஆறுதலாக இன்னொன்றும் சொன்னார். பாகம் பற்றிய பதில் என் ஒருத்தியின் சொல் மட்டும் இல்லையாம். படிவம் கொடுத்தபோதே சரிபார்க்க ஆள் அனுப்பியிருக்கிறார்கள், எங்கள் ஆறு ஊரிலும் இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டில் கேட்டிருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் அதே பதில்தான், சதை மட்டும்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டில் ஒரு வீடுகூடத் தலையையாவது சொல்லவில்லையா? அந்த ஆட்கள் பஸ் நிலையத்து டீக்கடையில் உட்கார்ந்து தாளை நிரப்பியிருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். அதில் எனக்கு ஓர் அற்பச் சந்தோஷமும் இருந்தது. என்னைவிடப் பெரிய திருடன் ஒருவன் கிடைத்துவிட்டான் அல்லவா!

ஒரு மாதம் பொறுத்தால் ஆல்வினுக்கு ஆறு மாதம் ஆகிவிடும். ஊரில் பத்து மாதம், பதினொரு மாதம் ஆன பிள்ளைகள் இருந்தன. அன்றே கொரட்டிக்குப் போன் செய்து ஈரலை நிறுத்தச் சொன்னேன். காரணத்தை நேரில் வந்து சொல்கிறேன் என்றேன். முடிவுத்தாளை டாக்டர் இளவெயினிக்கு அனுப்பினேன். வேலையை விடும் கடிதத்தையும் அன்றே கொடுத்துவிட்டேன்.

டாக்டர் அதிகாரிகளிடம் ஓடினார். ஆறு ஊரிலும் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் முந்நூறுக்கு மேல். படம் எடுக்கும் கருவி மாவட்டத்துக்கு ஒன்றுதான். எந்தத் தாய் எவ்வளவு ஈரல் தின்றாள் என்று தெரிந்தால்தான் எந்தப் பிள்ளையை முதலில் எடுப்பது என்று முடிவு செய்ய முடியும். அதிகாரி பழைய பதிவைத் திறந்து பார்த்திருக்கிறார். பதிவின்படி எங்கள் கரையில் யாரும் ஈரல் தின்பதில்லை. ஊர் மக்கள் கூடி, பதிவு தவறு என்று வாக்குமூலம் கொடுத்தால் பிள்ளைகளைப் படம் எடுக்க அன்றே ஆணை போடுகிறேன் என்றார்.

கோயில் மண்டபத்தில் பெண்களை மட்டும் கூட்டினார்கள். நூறு பேருக்கு மேல் இருக்கும், பலர் மடியில் பிள்ளை. மேடையில் டாக்டர், அதிகாரி, குறிப்பெடுக்க ஓர் உதவியாளர், நான். டாக்டர் மைக்கைப் பிடித்து விஷயத்தை எளிமையாகச் சொன்னார். பிறகு, நீங்கள் மீனில் என்னென்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார்.

முன்வரிசையில் ஒருத்தி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "சதைதான் சாப்பிடுவோம் டாக்டரம்மா" என்றாள்.

மைக்கை வாங்கினேன். அந்தப் பூச்சைச் செய்தவள் நான் என்றேன். படிவத்தில் சதை மட்டும் என்று எழுதியவளும் நானே என்றேன். நான்கு பேர் சிரிப்பார்களே என்று வெட்கப்பட்டு எழுதினேன், அதனால்தான் ஈரலை ஒருவரும் சோதிக்கவில்லை, இந்தப் பிள்ளைகளின் தலையில் இருப்பது என் வெட்கம்தான் என்றேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அமைதி பொறுக்காமல் நான் மேலும் பேசினேன். கணக்கெடுப்பு என்று வந்தவர்களும் மோசடி செய்துவிட்டார்கள், ஒரு வீட்டுக்கும் வராமல் பொய்யாக எழுதிவிட்டார்கள் என்று சொன்னேன்.

தூணுக்குப் பின்னாலிருந்து கொரட்டி எழுந்தாள். இடுப்பில் ஆல்வின் இருந்தான். அவள் என்னை அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். எனக்கு அது வேண்டியும் இருந்தது.

"கணக்கெடுக்க வந்த பிள்ள பொய் எழுதலக்கா" என்றாள். "எல்லா வீட்டுக்கும் வந்தா. வேகாத வெயில்ல வந்தா. சேர் போட்டு, கலர் வாங்கிக் குடுத்தோம். நாந்தான் சதை மட்டும்னு சொன்னேன். இங்க இருக்கிறவ எல்லாரும் அதத்தான் சொன்னாவ."

"ஏன்?" என்று கேட்டேன். மைக் அதையும் பெரிதாக்கி மண்டபம் முழுக்கக் கேட்டது.

"உன் கலியாணத்துக்கு ஊரே பஸ் பிடிச்சு மெட்ராஸ் வந்தமே, அப்ப மண்டப வாசல்ல நிறுத்தி நீ என்ன சொன்ன? ஆபீஸ்காரவ வாராவ, சாப்பாட்டப் பத்தி யாரும் கேட்டா தலை, குடல், ஈரல்னு பேசிறாதிய, சீலா மீன் சதைத் துண்டு சாப்பிடுவோம்னு மட்டும் சொல்லுங்கன்னு சொன்னல்லா? படிச்சவ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சோம். அப்பயிருந்து வெளியாளு யாரு கேட்டாலும் அதத்தான் சொல்லுதோம்."

அப்படிச் சொன்னது எனக்கு நினைவே இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன். அன்றைக்கு நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியும். எதிரே இருந்த பெண்கள் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. தங்களைப் பற்றி மேடையில் ஏதோ வெளியே வந்துவிட்டதே என்று கூசிப்போய்த் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தப்பு செய்தவள் மேடையில் நிற்க, கூச்சம் அவர்களுக்கு.

டாக்டர் மறுபடியும் கேட்டார். நேரமில்லை, உண்மையைச் சொல்லுங்கள் அம்மா என்று கெஞ்சினார். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. குறிப்பெடுக்கும் உதவியாளர் பேனாவோடு காத்திருந்தார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நீ மொதல்ல சொல்லுக்கா" என்றாள் கொரட்டி. "நீ என்னென்ன தின்னு வளந்தன்னு சொல்லு. நீ சொன்னா இவளுவளும் சொல்லுவாளுவ."

அதிகாரியைப் பார்த்தேன். நல்ல சட்டை, நல்ல தமிழ், என் கல்லூரி நாட்களை நினைவூட்டும் முகம். மைக்கை வாயருகே கொண்டுபோனேன்.

"தலை" என்றேன். "சினை. சுறா ஈரல். சின்ன மீன்னா குடலோட."

மண்டபத்தின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது. ஒன்றும் கேட்கவில்லையாம், கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொன்னது. மைக் சரியாக இருக்கிறதா என்று அதிகாரி எட்டிப் பார்த்தார். மைக்கில் ஒரு கோளாறும் இல்லை.